பாட்டன் பிறந்த இடம்: கண்டிச் சீமையின் வாக்குரிமை வரலாறும் ஓர் அமெரிக்க ஒப்புமையும்

அரசியல் யாப்புகளை ஒப்புநோக்கிப் பயில்வோர்க்கு ஐக்கிய அமெரிக்காவின் யாப்பே பெரும்பாலும் முதற் பாடமாக அமைகின்றது. சட்டமன்றம், நிருவாகம், நீதித்துறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தடுத்து நிற்கும் ஏற்பாடு, மத்திக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வு, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாதென அறிவிக்கவல்ல நீதிமன்றம் என்பன விதந்து கூறப்படும். அடுத்து இலங்கையின் சோல்பரி யாப்பு எடுத்துக்கொள்ளப்பட்டு, அதில் அடிப்படை உரிமைப் பட்டயம் இல்லாமை சுட்டப்படும். இவ்வொப்பீட்டிலிருந்து ஒரு முடிவும் எளிதாகவே பெறப்படும்: அமெரிக்காவினுடையதைப் போன்றதொரு யாப்பு 1948இல் இங்கு இருந்திருப்பின் மலையகத் தமிழ் மக்கள் நாடற்றோராக்கப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதே அது.

இது பாதி உண்மை மட்டுமே. யாப்பின் எழுத்து ஒன்றாக இருக்க, அதன் செயற்பாடு முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் தலைகீழாக மாறிய வரலாறு அமெரிக்காவுக்கே உண்டு. தொழிலாளியின் பாட்டனை விசாரிப்பதன் மூலம் தொழிலாளியின் வாக்கைப் பறிக்கும் உபாயத்தை இலங்கை ஆட்சியாளருக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னரே கையாண்டவர்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஆட்சியாளர். பருத்திச் சீமைக்கும் தேயிலைச் சீமைக்கும் இடையிலான இவ்வொற்றுமை தற்செயலானதா, இரண்டும் வேறுபடும் இடம் எது என்பவற்றைக் கண்டிப் பிரதேசத்தை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமானது. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பிச் செய்கை தலையெடுத்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காணிகளை முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. சேனைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பரம்பரை வழக்கால் ஆண்டுவந்த சிங்களக் குடியானவன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? பத்திரம் கேட்டு உரிமையைப் பறிக்கும் முறைக்குக் கண்டிச் சீமையில் முதலில் இரையானவன் அவனே. நூறாண்டுக்குப் பின் அதே முறை தோட்டத் தொழிலாளி மீது பிரயோகிக்கப்பட்டபோது, அந்தக் குடியானவனின் பேரனுடைய பெயராலேயே அது நியாயப்படுத்தப்பட்டது. இம்முரணைக் கவனியாது மலையக வரலாறு எழுதுவோர் அதனை வெறும் இனப்பகை வரலாறாகக் குறுக்கிவிடுகின்றனர்.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஹேவாஹெட்டையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிக்குப் பருவகாலக் கூலிகள் போதுமாயிருந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்யும் கைகள் தேவைப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் லயங்களில் நிலைத்த குடும்பங்களாயினர். பிரட்டுக் களமும் செக்ரோலும் பெரிய கங்காணியின் கடன் கணக்கும் துரையின் பங்களாவுமே அவர்களின் உலகம். அரசு என்பது அவர்களுக்குத் துரைக்குப் பின்னால் எங்கோ நின்ற ஒன்று. தொழிலாளியைக் கடனோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. 1920களில் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அலுவலகம் வைத்து இம்மக்களின் நலன்களைக் கவனித்தார். இலங்கையில் உழைத்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு முறையிடும் இடமாக இன்னொரு நாட்டின் அலுவலகம் அமைந்தமை பிற்கால நிகழ்ச்சிகளுக்கு முன்னறிகுறி எனலாம்.

இந்நிலையில் 1931ஆம் ஆண்டின் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின உழவன் வாக்குச் சாவடியை நெருங்கவியலாதிருந்த அதே காலத்தில், இலங்கையில் இருபத்தொரு வயதடைந்த ஆணும் பெண்ணும் வாக்களிக்க முடிந்தது என்பது மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு வியப்பளிக்கும். ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அது 'சர்வசனம்' ஆகவில்லை. தேசாதிபதி ஸ்டான்லியின் திருத்தங்களின்படி அவர் இந்நாட்டை நிரந்தர வதிவிடமாகக் கொண்டிருத்தல் வேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்துத் தகைமையும் உடையவராதல் வேண்டும். அல்லது ஐந்தாண்டு வதிவைக் காட்டி நிரந்தரக் குடியமர்வுச் சான்றிதழ் பெறல் வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்குப் பின்னரும், பழைய சட்ட நிரூபண சபையில் யாப்புத் திட்டம் 19க்கு 17 என்ற வாக்கு வித்தியாசத்திலேயே நிறைவேறியது. இந்தியத் தொழிலாளரின் வாக்குரிமையே எதிர்ப்புக்குரிய காரணங்களில் முதன்மையானது.

நிபந்தனைகளைத் தாண்டி 1931இல் ஏறத்தாழ ஒரு லட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராயினர். 1930களின் முடிவில் இத்தொகை 225,000 அளவை எட்டியது. பின்னர் பதிவேடுகள் இறுக்கிப் பார்க்கப்பட்டு 1943இல் 168,000 அளவுக்குக் குறைந்தது. ஹட்டன் தொகுதியில் 1931இல் பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அமைச்சரானார், 1936இல் கோ. நடேசய்யர் தெரிவானார்.

இங்கே இலக்கிய மாணவன் கவனிக்கவேண்டிய ஒரு சான்று உண்டு. மலையக வாய்மொழிப் பாடல்களில் துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை ஆகியோரே பெரும்பாலும் எதிர்நிலை மாந்தர். சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் தொகுத்த பாடல்களைப் படிப்போர் இதனை உணர்வர். கூலி குறைந்தது, பேர் விழவில்லை, கொழுந்துக் கூடை நிறையவில்லை என்ற துயரங்களுக்குக் காரணராகக் கண்ணெதிரே நிற்பவர் சுட்டப்படுகின்றனர். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940இல் வெளியிட்ட பாட்டுப் பிரசுரமான 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'யிலோ எதிராளி மாறிவிடுகின்றார். அங்கே விளிக்கப்படுவோர் அமைச்சர்கள். பேசப்படுவது சபையின் தீர்மானங்கள். மெட்டு பழகியதாகவே இருக்க, பொருள் துரையின் பங்களாவிலிருந்து கொழும்புச் சபைக்கு நகர்ந்துள்ளது. ஒன்பதாண்டு வாக்குரிமை ஒரு சமூகத்தின் பிரக்ஞையில் ஏற்படுத்திய மாற்றத்தைப் புள்ளிவிபரங்களைவிட இந்த இடப்பெயர்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது. கலைநயம் குறைந்தவை என இப்பிரசுரப் பாடல்களை ஒதுக்கும் விமரிசகர்கள் இழப்பது இதுவே.

அக்காலக் கண்டிப் பிரதேசத்தின் இரண்டு நிகழ்ச்சிகள் அரச நிறுவனங்களின் இயல்பை வெளிப்படுத்துவன. மடுல்கலையில் ரெலுகஸ் தோட்டத்தில் பயிற்சித் துரையாக வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர் லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து, 1937 ஏப்ரிலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்ட முதலாளிகளுக்கு எதிராகப் பேசினார். தேசாதிபதி அவரை நாடுகடத்த ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்து அவரை விடுவித்தது. உரிமைப் பட்டயம் எதுவுமின்றியே அத்தீர்ப்பு கிடைத்தது. அதற்குப் பின்னால் வீதிகளில் திரண்ட மக்கள் கிளர்ச்சி ஒன்றும் இருந்தது.

மற்றது முல்லோயா. ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு முன்னிலையில் தொழிலாளர் தரப்புக்குக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். இதன் விளைவாக உள்நாட்டமைச்சரின் பணிப்பைப் பொலிஸ் மாஅதிபர் ஏற்க மறுத்ததும், தேசாதிபதி பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றதும், அமைச்சர் குழு முழுவதும் 1940 பெப்ரவரியில் பதவி துறந்ததும் வரலாறு. லயத்தில் வாழ்ந்த ஒருவரின் சாவு, அமைச்சருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் உண்டு என்ற வினாவை யாப்பு நூல்கள் எவற்றையும்விடக் கூர்மையாக எழுப்பிற்று.

இவற்றுக்கிடையே அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு சட்டமும் உண்டு. கிராமச் சபைகளில் வாக்களிக்கும் உரிமையை விரிவாக்கும் சட்டத் திருத்தம் 1937இல் சபைக்கு வந்தபோது இந்தியத் தோட்டத் தொழிலாளரை விலக்கவே முதலில் கருதப்பட்டது. இன அடிப்படையிலான பாகுபாடு என ஆட்சேபம் எழுந்ததும், தோட்டத்தில் வதியும் தொழிலாளர் அனைவரையும், அவர் எவ்வினத்தவராயினும், விலக்குவதாக வாசகம் மாற்றப்பட்டது. லயத்தில் வாழ்ந்த சில சிங்களத் தொழிலாளரும் சேர்ந்து உரிமை இழந்தனர். சட்டமோ நடுநிலையான தோற்றம் பெற்றது. பின்னர் நிகழ்ந்த பெரும் பறிப்புக்கு இதுவே ஒத்திகை.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைக் கைப்பற்றியது. கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கொல்லையில் சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அவ்வெழுவருள் அடங்குவர். தெரிவு செய்யப்படும் 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது 42 மாத்திரமே. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் சேர்ந்து 18 ஆசனங்கள் பெற்றன. காங்கிரஸ் வேட்பாளர் இல்லாத தொகுதிகளில் தோட்ட வாக்குகள் பெருமளவு இடதுசாரிகளைச் சார்ந்தன. இதன் பொருளை ஆளும் வர்க்கம் உடனே உணர்ந்துகொண்டது. பிரசாவுரிமைச் சட்டத்தை இனவாதமாக மட்டும் விளக்குவோர், அது இத்தேர்தல் நடந்து ஓராண்டுக்குள் வந்தமைக்குக் காரணம் கூறவேண்டியவராவர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இந்தியர் என்றோ தமிழர் என்றோ ஒரு சொல்லும் கூறவில்லை. இலங்கையில் பிறந்தவர் பரம்பரைவழிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். பாரபட்சமற்ற விதி! பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைமுறைக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். கொழும்பு அமைச்சரின் பாட்டன் எங்கே பிறந்தார் என்று எவரும் கேட்கப்போவதில்லை. பாட்டனின் பிறப்பைப் பத்திரத்தால் நிறுவவேண்டிய நிலை தோட்டத் தொழிலாளிக்கு மட்டுமே ஏற்பட்டது.

இனி அமெரிக்காவை நோக்குவோம். உள்நாட்டுப் போரின் பின் 1868இல் நிறைவேறிய பதினான்காம் திருத்தம், அந்நாட்டு மண்ணில் பிறந்து அதன் நியாயாதிக்கத்துக்குட்பட்ட எவரும் பிரசை என்றது. 1870ஆம் ஆண்டின் பதினைந்தாம் திருத்தம், இனம், நிறம், முன்னைய அடிமைநிலை ஆகிய காரணங்களால் வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. தென்மாநிலங்களில் விடுதலை பெற்ற அடிமைகள் வாக்களித்தனர், சட்டசபைகளிலும் அமர்ந்தனர். மத்திய அரசின் படைகள் 1877இல் பின்வாங்கியதும் நிலைமை மாறலாயிற்று. மிசிசிப்பி மாநிலம் 1890இல் தலைவரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் வாக்காளர்க்கு விதித்தது. லூசியானா 1898இல் ஒருபடி மேலே சென்றது: 1867 ஜனவரி முதலாந் திகதி தந்தையோ பாட்டனோ வாக்காளராயிருந்தால் அவருக்கு எழுத்தறிவுச் சோதனை வேண்டியதில்லை. அத்திகதியில் அங்கு எந்தக் கறுப்பினத்தவரின் பாட்டனுக்கும் வாக்கில்லை. நிறம் பற்றி ஒரு சொல்லுமின்றியே காரியம் முடிந்தது. லூசியானாவில் 1896இல் 130,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1904இல் 1,342 ஆகியது.

எழுத்திலே உரிமைப் பட்டயமும் இருந்தது. சட்டத்தைச் செல்லாததாக்கும் நீதிமன்றமும் இருந்தது. அந்நீதிமன்றமே 1898இல் மிசிசிப்பியின் விதிகளை ஏற்றுக்கொண்டது. பாட்டன் விதியை அது தள்ளுபடி செய்ய 1915 வரை செல்லவேண்டியிருந்தது; அத்தீர்ப்பு எழுந்தது ஒக்லஹோமா மாநில வழக்கில். தோற்ற ஒக்லஹோமா, முன்னர் வாக்களிக்காதோர் 1916இல் ஏறத்தாழ பன்னிரண்டு நாட்களுக்குள் பதியாவிடின் என்றென்றைக்கும் உரிமை இழப்பர் என்று புதுச்சட்டம் செய்தது. அது வீழ்ந்தது 1939இல். இக்குறுங்காலச் சாளரத்தைப் படிக்கும்போது இந்திய பாகிஸ்தானியர் வதிவுப் பிரசாவுரிமைச் சட்டம் நினைவுக்கு வராமற் போகாது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத்ததான அச்சட்டம், மணமானவர்க்கு ஏழாண்டும் ஏனையோர்க்குப் பத்தாண்டும் 1946க்கு முந்திய தொடர் வதிவைக் கோரி, விண்ணப்பிக்க ஈராண்டு தவணை கொடுத்தது. காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்துப் பின் இறங்கி வந்தது. ஏறத்தாழ 825,000 பேர் சார்பில் 237,000 விண்ணப்பங்கள் சென்றன; பிரசாவுரிமை பெற்றோர் 134,000 பேர் அளவினரே. இடையில் ஒருமுறை இந்தியா சென்று திரும்பியமை, செக்ரோலில் பெயர் வேறாக எழுதப்பட்டமை போன்றவை தொடர் வதிவை நிறுவுவதற்குத் தடையாயின. அதே 1949இல் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. (முதற் சட்டத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் சில வாரங்களில் அமைச்சராகி இரண்டாவதை ஆதரித்தமை வடபுலத் தமிழ்த் தலைமையின் வர்க்க இயல்புக்குச் சான்று; எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகத்தின் நிலைப்பாடும் உடன் கூறப்படவேண்டியதே.)

சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஏனைய சமூகத்தவருக்கு விதிக்கப்படாத தடை எதனையும் ஒரு சமூகத்தவருக்கு விதிக்கும் சட்டம் செல்லாதென்றது. இப்பிரிவின் மூலத்தைக் கொண்ட 1944ஆம் ஆண்டு அமைச்சர் வரைவில் பெரும்பங்கு வகித்தவர் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். பிரித்தானிய மரபில் ஊறிய அவர் விரிவான உரிமைப் பட்டயத்தை விரும்பவில்லை. அவர் கட்டியெழுப்பிய பேராதனை வளாகம் முன்பு நியூ பேராதனைத் தேயிலைத் தோட்டமாயிருந்த நிலம். கலைப் பீடம் இங்கு வந்த 1952ஆம் ஆண்டில்தான், தோட்டத் தொழிலாளர் வாக்கிழந்த முதற் பொதுத் தேர்தலும் நடந்தது.

29(2)ஆம் பிரிவைத் துணைக்கொண்டு, கண்டியை அடுத்த கேகாலை மாவட்டத்து ருவன்வல்லைத் தொகுதியில் கோடாக்கன் பிள்ளை தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்குமாறு கோரினார். மீள்பரிசீலனை அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதனை மாற்றியது. கோமறைக் கழகம் 1953இல் உயர் நீதிமன்றத்தை உறுதிப்படுத்தியது. தன் பிரசைகள் எவர் எனத் தீர்மானிப்பது சட்டமன்றமொன்றின் இயல்பான கருமம் என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொற்களில் சமூகப் பெயர் இல்லாமையே போதுமானதாயிற்று.

இரு நாடுகளும் வேறுபடும் இடம் இதுவே. அமெரிக்கத் தென்மாநிலங்கள் வாக்குச் சாவடியின் வாயிலை அடைக்க முடிந்தது. பிரசாவுரிமையைத் தொட முடியவில்லை. 1868ஆம் ஆண்டின் வாசகம் ஒரு போரில் பெற்ற வெற்றியின் எழுத்து வடிவம். சாதாரணப் பெரும்பான்மை அதனை அழிக்கவியலாது. அது பல பத்தாண்டுகள் செத்த எழுத்தாகக் கிடந்தாலும், செல்மாவில் மக்கள் 1965 மார்ச்சில் அடிபட்டு நடந்தபோது கையில் எடுக்கத்தக்க ஆயுதமாக இருந்தது. அவ்வாண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் பின், மிசிசிப்பியில் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் நூற்றுக்கு ஏழு வீதத்துக்கும் குறைந்த நிலையிலிருந்து இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ அறுபது வீதமாகினர். சோல்பரி யாப்போ பிரசை எவர் என்பதை வரையறை செய்யாது விட்டிருந்தது. இங்கு ஒரு சாதாரணப் பெரும்பான்மையே அடித்தளத்தைப் பிடுங்கப் போதுமாயிற்று. பிரசை அல்லாதவன் உரிமைக்காக யாரிடம் செல்வது? அவனைப் பற்றிப் பேசுவது இரு அரசாங்கங்களுக்கிடையிலான விவகாரமாகிவிட்டது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சோல்பரி யாப்பின்படி 75,000 பேருக்கு ஒன்றும் ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்றுமாக ஆசனங்கள் வகுக்கப்பட்டன. கணக்கெடுக்கப்பட்டது சனத்தொகை, வாக்காளர் தொகையன்று. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 780,000 பேர். அவர்களது தலைகளை எண்ணி வகுக்கப்பட்ட மலைநாட்டுத் தொகுதிகளில், அவர்கள் நீக்கப்பட்ட பின் எஞ்சிய சிறுதொகை வாக்காளர் உறுப்பினர்களைத் தெரிவு செய்தனர். அமெரிக்க யாப்பின் மூல வாசகம் அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணிப் பண்ணையாருக்குப் பிரதிநிதித்துவம் கூட்டியது. விடுதலைக்குப் பின் முழு ஆளாக எண்ணி, வாக்கை மறுத்து, மேலும் கூட்டியது. வாக்கு மறுக்கும் மாநிலத்தின் பிரதிநிதித்துவத்தைக் குறைக்குமாறு பதினான்காம் திருத்தம் விதித்தும், அது ஒருபோதும் நடைமுறைப்படுத்தப்படவில்லை. அங்கு ஆதாயம் பண்ணையாருக்கு. இங்கு கண்டியப் பிரபுக்களுக்கு. ஏழைக் கண்டியக் குடியானவனுக்குக் கிடைத்தது வாக்கின் நிறை, காணி கிடைக்கவில்லை. கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் 1951ஆம் ஆண்டு அறிக்கையைப் படிப்போர் இதனைக் காண்பர்.

1952இல் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது. பயன் கிட்டவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். அவர்களுள் எவருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த இடதுசாரி இயக்கத்தின் முக்கிய பகுதியான சமசமாஜக் கட்சி, 1964இல் இவ்வொப்பந்தம் கைச்சாத்தான வேளையில் அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. முல்லோயாத் தொழிலாளருக்காக வாதாடிய அதே கொல்வின் ஆர். டி சில்வா 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பை வரைந்தபோது 29(2)ஆம் பிரிவு மறைந்தது. அப்பிரிவு பயனற்றதென 1953 காட்டிவிட்டதே என்பர். செல்மாவின் பின்னர் அவ்வாதம் நிற்காது. செத்த எழுத்தும் மக்கள் எழும்போது உயிர்பெறக்கூடும் என்பதை ஒரு மார்க்சியவாதி அல்லவா முதலில் அறிந்திருக்கவேண்டும்? மலையகத் தொழிலாளி வாக்கிழந்தமை இலங்கை இடதுசாரி இயக்கத்தின் முதுகெலும்பை முறித்தது. அம்முறிவை அவ்வியக்கமே பின்னர் மறந்தது.

வாக்குரிமை துண்டு துண்டாகவே திரும்பியது. 1977இல் தொண்டமான் மீண்டும் நுவரெலியா–மஸ்கெலியாவில் தெரிவானார். தலைமன்னார்க் கப்பற் சேவை 1984இல் நின்றபின், இந்தியக் கடவுச்சீட்டோடு தோட்டங்களில் தங்கிவிட்டோர் பலர். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கின. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஜனாதிபதித் தேர்தல் நிகழ்ந்த ஆண்டிலேயே வந்தது தற்செயலன்று. வாக்கு வேண்டியவர்க்கு வாக்காளர் வேண்டியவராயினர்.

ஆயினும் 1937ஆம் ஆண்டின் நிழல் அகலவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் நிதியைச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தி நின்றது. தோட்டத் தொழிலாளி இப்போது அச்சபைக்கு வாக்களித்தார், உறுப்பினரும் ஆனார். கலஹாவிலோ புசல்லாவவிலோ அவரது லயத்துக்குச் செல்லும் பாதை மட்டும் சபையின் பாதையன்று, தோட்டத்தின் பாதை. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இல். திருத்திய வாசகத்திலும் சபை தோட்ட நிருவாகத்தோடு கலந்தாலோசித்தே வேலை செய்யவேண்டும்.